பெரெக்கைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே, மொழிபெயர்ப்பாளர்களே,

வணக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, "அந்த ஓர் எழுத்தே இல்லாமல் முந்நூறு பக்கம் நாவல் எழுதினவராமே" என்பதுதான். கழைக்கூத்து பார்த்தவர்கள் பேசுகிற தொனி அது. அந்த வியப்பை மட்டும் நம்பி அவரைத் தமிழில் இறக்கினால் புத்தகம் விற்கக்கூடும். பெரெக் வந்து சேரமாட்டார். எதை முதலில் எடுப்பது, எங்கே கை வைக்கக் கூடாது, அச்சில் எது கெடும் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடத்தான் இந்த மடல்.

முதல் பிழை பின்னட்டையிலேயே விழும். "வதைமுகாமிலிருந்து உயிர் தப்பியவர்" என்று எழுதிவிடாதீர்கள். பெரெக் எந்த முகாமிலும் இருந்ததில்லை. ஒளித்து வைத்துக் காப்பாற்றப்பட்ட பிள்ளை அவர். 1936 மார்ச் 7 அன்று பாரிஸில் பிறந்தார். பெல்வில் பகுதியின் விலென் தெருவில் வளர்ந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். அப்பா இஸெக் யுட்கோ பிரெஞ்சுப் படையில் தாமாகச் சேர்ந்து, 1940 ஜூன் 16 அன்று காயத்தால் இறந்தார். அம்மா சிர்லா அதே தெருவில் பெண்களுக்கான முடிதிருத்தகம் வைத்திருந்தார். போர் நடுவே மகனைச் செஞ்சிலுவைச் சங்க ரயிலில் ஏற்றி, வெர்கோர் மலைப்பகுதியில் உள்ள வில்லார்-தெ-லான் ஊருக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒரு கத்தோலிக்கப் பள்ளி, 1943இல் ஞானஸ்நானம். அதே ஆண்டு ஜனவரியில் அம்மா கைதாகி, பிப்ரவரி 11 அன்று பாரிஸ் அருகே உள்ள திரான்சி தடுப்புமுகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றப்பட்டார். அதோடு சரி.

போருக்குப் பிறகு பிரெஞ்சு அரசு அந்தக் குடும்பத்துக்குத் தந்தது இறப்புச் சான்றிதழ் அல்ல, "காணாமற்போனமைச் சான்று". சிர்லா இறந்துவிட்டார் என்று 1958இல்தான் ஆணை வந்தது. அதிலும் இறந்த நாள் 1943 பிப்ரவரி 11, இடம் திரான்சி. உயிரோடு ரயிலேற்றிய நாளையும் இடத்தையுமே அலுவலகம் சாவு நாளாகவும் சாவிடமாகவும் பதிந்துகொண்டது. அந்தச் சான்றின் தலைப்பில் உள்ள பிரெஞ்சுச் சொல் "திஸ்பாரிஸ்யோன்". 1969இல் பெரெக் பிரெஞ்சு எழுத்துவரிசையின் ஐந்தாம் எழுத்தை விலக்கி எழுதிய நாவலின் பெயர் "லா திஸ்பாரிஸ்யோன்". இரண்டும் ஒரே சொல் என்பது தெரியாமல் அந்த நாவலைத் தொடக்கூடாது என்பது எங்கள் கருத்து.

எனவே முதலில் எடுக்க வேண்டியது அந்த நாவல் அல்ல. 1975இல் வந்த "டபுள்யூ, அல்லது பால்ய நினைவு". மூன்று காரணங்களாவது சொல்லலாம், ஒன்று போதும். இதைப் படித்தவருக்கு மற்றதன் எழுத்துக்குறை விளங்கும். மற்றதை மட்டும் படித்தவருக்கு அது வித்தையாகவே நின்றுவிடும்.

இந்தப் புத்தகத்தில் 37 அத்தியாயங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு கதைகள். ஒன்று, தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள தியரா தெல் புவேகோ பக்கத்தில் விளையாட்டுப் போட்டிகளையே சட்டமாகக் கொண்ட ஒரு தீவு. மற்றொன்று, "பால்ய நினைவே எனக்குக் கிடையாது" என்று தொடங்கும் தன்வரலாறு. மூலத்தில் தீவுக்கதை சாய்வெழுத்தில், தன்வரலாறு நேரெழுத்தில். தமிழ் அச்சில் இங்கேதான் முதல் தொல்லை. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு என்று தனியே வரையப்பட்டது கிடையாது. கணினி நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துவைக்கும். நான்கு பக்கத்துக்கு மேல் கண் தாங்காது. தீவுக்கதைக்கு வேறொரு எழுத்துரு எடுங்கள். தடிமன் ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் இருக்கட்டும். எட்டாம் அத்தியாயத்தில் மூன்றாவது எழுத்துவகையும் தேவைப்படும். பெற்றோரைப் பற்றி இளவயதில் எழுதிய இரண்டு பழைய குறிப்புகளை அங்கே தடித்த எழுத்தில் அப்படியே வைத்து, கீழே எண்ணிட்ட குறிப்புகளில் தம்மையே ஒவ்வொன்றாகத் திருத்துகிறார்.

அந்தத் திருத்தங்கள் மேல் பிரதி மேம்படுத்துநர் கை படக்கூடாது. உரைக்கும் குறிப்புக்கும் முரண் வந்தால் "எது சரி?" என்று கேட்டு ஒன்றை அடித்துவிடுவது நம் வழக்கம். இங்கே முரண்தான் புத்தகமே. பாரிஸில் உள்ள லியோன் ரயில் நிலையத்தில் அம்மாவைப் பிரிந்த காட்சியைப் பாருங்கள். அம்மா சாப்ளின் படக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கித் தந்தார். தன் கை கழுத்தில் கட்டிய துணித்தூளியில் தொங்கியது என்கிறார் பெரெக். பிறகு, அத்தை எஸ்தேர் அப்படியொன்றும் இல்லை என்கிறார் என்று எழுதுகிறார். பிறகு, குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டியிருந்திருக்கலாம் என்கிறார். தொங்கிக்கொண்டிருந்த எதையோ அந்த நினைவு தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. மூன்றையும் மூன்றாகவே விடுங்கள்.

மூன்று வயதில் யித்திய (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாளிதழ்கள் நடுவே உட்கார்ந்து ஓர் எபிரேய எழுத்தை அடையாளம் காட்டிய நினைவும் அப்படித்தான். அந்த எழுத்தை அவரே வரைந்து காட்டுகிறார்: இடது கீழ்மூலை திறந்த சதுரம். அடிக்குறிப்பில், தான் சொன்ன பெயருள்ள எழுத்து இப்படி இருக்காது என்று தானே கவிழ்க்கிறார். தட்டச்சு செய்பவர் உதவி செய்கிற எண்ணத்தில் "சரியான" எபிரேய எழுத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார். கூடாது. மூலப்பக்கத்தின் கோட்டை அப்படியே வரைந்து சேருங்கள். 1978இல் வந்த "வாழ்க்கை: பயன்படுத்தும் முறை" நாவலில் அந்த மூலை திரும்ப வருகிறது. பத்துக்குப் பத்து கட்டமாகப் பிரித்த ஒரு பாரிஸ் அடுக்குமாடிக் கட்டடம்; சதுரங்கக் குதிரையின் நகர்வில் அறைக்கு ஓர் அத்தியாயம். நூறு இருக்க வேண்டும், 99தான் இருக்கின்றன. விடுபட்டது இடது கீழ்மூலை அறை.

அச்சகத்தில் தொலைந்துபோக மிக வாய்ப்புள்ளது இன்னொன்று. பதினோராம் அத்தியாயத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே ஒரு வெற்றுப்பக்கம். நடுவில் பிறை அடைப்புக்குள் மூன்று புள்ளிகள் மட்டும். அதற்கு முன் ஒற்றைப்படை அத்தியாயங்கள் தீவுக்கதை. அதற்குப் பின் இரட்டைப்படை. அதாவது 11, 12 இரண்டும் தீவுக்கதை. இடையில் வந்திருக்க வேண்டிய நினைவு அத்தியாயம் இல்லை. அம்மாவைப் பிரிந்த இடம் அந்தப் புள்ளிகளில்தான் விழுகிறது என்று பலர் வாசிக்கிறார்கள். நாங்களும் அப்படியே. காகிதம் மிச்சம் பிடிக்க அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தின் நடுவை எடுத்துவிட்டீர்கள். மெய்ப்பு பார்ப்பவரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தீவுக்கதையின் நடை பற்றி ஒரு சொல். அது விதிமுறைக் கையேட்டின் நடை: யார் ஓடுவது, தோற்றவனுக்கு எந்தவேளை சாப்பாடு கிடையாது, வென்றவனுக்கு என்ன பெயர். நம் அரசாணைத் தமிழே இதற்குச் சரி: "வழங்கப்படும்", "அனுமதிக்கப்படமாட்டாது". இரக்கச் சொல் ஒன்றுகூட நுழையக்கூடாது. 36ஆம் அத்தியாயத்தின் முடிவில் நிலத்தடியில் தங்கப்பற்களும் மோதிரங்களும் மூக்குக்கண்ணாடிகளும் மட்டரகச் சோப்பும் குவிந்து கிடக்கும். அதுவரை "வதைமுகாம்" என்ற சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருந்தால்தான் அந்தப் பட்டியல் வேலை செய்யும்.

இனி எழுத்தில்லா நாவல். 26 அத்தியாய எண்களில் ஐந்தாவது இல்லை. ஆறு பாகங்களில் இரண்டாவது இல்லை. பிரெஞ்சில் தந்தை, தாய், பெற்றோர், குடும்பம், "நான்", "அவர்கள்" ஆகிய எல்லாச் சொற்களிலும் அந்த எழுத்து உண்டு. ஜார்ஜ் பெரெக் என்ற பெயரில் நான்கு முறை உண்டு. தன் பெயரையே எழுத முடியாத புத்தகம். ஆங்கிலத்திலிருந்து இதை மொழிபெயர்க்க வேண்டாம். கில்பர்ட் அடேர் ஆங்கிலத்தில் செய்தது அவருடைய தீர்வு. பிரெஞ்சுக் கவிதைகள் இருந்த இடத்தில் ஆங்கிலக் கவிதைகளின் எழுத்துக்குறைப் பிரதிகள் வந்துவிட்டன. அதைப் பெயர்த்தால் அடேர்தான் கிடைப்பார். ஸ்பானிய மொழியில் ஐந்து பேர் சேர்ந்து செய்தார்கள், அவர்கள் மொழிக்கு அதிகம் தேவைப்படும் "ஆ" எழுத்தை விலக்கி. ரஷ்யத்தில் "ஓ". ஜப்பானியத்தில் தனி எழுத்து போதாமல் இகர வரிசை முழுவதையும். நமக்கு வழிகாட்டி ஜப்பானியம்தான். அதுவும் உயிரும் மெய்யும் ஒட்டிய எழுத்துமுறை.

"நம்மிடம் நிரோட்டகம் இருக்கிறதே" என்று, உதடு ஒட்டாமல் பாடும் செய்யுள்வகையைக் காட்டி யாரேனும் சொல்வார்கள். சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டிலேயே திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். உண்மைதான்; ப, ம போனால் அப்பாவும் அம்மாவும் போவார்கள் என்பதால் ஆசையும் வரும். ஆனால் அங்கே விலகுவது ஒரு கூட்டம். இங்கே காணாமற்போவது ஒன்று. அதனிடமிருந்து கற்க வேண்டியது வேறு: விதியை முதலிலேயே கறாராக எழுதிக்கொள்வது. உதடு ஒட்டாத குறள் என்று எல்லாரும் காட்டும் "யாதனின் யாதனின் நீங்கியான்" குறளில் "நோதல்" இருக்கிறது. உதடு ஒட்டவில்லை, குவிகிறது. எது விதி என்று தீர்மானிக்காமல் தொடங்கினால் நூறாம் பக்கத்தில் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

எந்த எழுத்தை விலக்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரு கட்சி எகரம். அது போனால் பெற்றோர், பெயர், எழுத்து, என், என்று, பெரெக் எல்லாம் போகும். பொருளில் பொருத்தம். ஆனால் அச்சில் கவிழும்: ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அதே ஒற்றைக் கொம்புதானே? "கொடு" என்று எழுதினால் காது ஒகரத்தைக் கேட்கும், கண் கொம்பைப் பார்க்கும். போனது போகாமல் பக்கமெல்லாம் திரியும்.

மற்றக் கட்சி அகரம். மடல் எழுதுபவர்களில் பெரும்பான்மை இதற்கே. சொல் முதலில் வரும் "அ" மட்டும் அல்ல, க, ச, த என்று மெய்யேறி நிற்கும் அகரமும் சேர்த்து. மெய்யின் இயக்கமே அகரமொடு என்று தொல்காப்பியம் சொல்வதால், அதை எடுப்பது மொழியின் மூச்சை எடுப்பதுதான். என்னென்ன போகும்? பன்மையின் "கள்". செய்ய, வர என்ற எச்சம்; அதோடு "வேண்டும்" சேர்கிற வாக்கியமும் "செய்யவில்லை"யும். வந்த, வருகிற என்ற பெயரெச்சம். அவன், அவள், அது. மிஞ்சுவது: செய்து, போய் என்ற வினையெச்சம், செய்யும் என்ற பெயரெச்சம், செய்தால், என்று, இல்லை, நான், நீ. தாய் மிஞ்சுவாள், தந்தை மிஞ்சமாட்டார். "பிள்ளை வீடு திரும்பினான், தேடிப் பார்த்தும் தாயைக் காணோம்." இந்த அளவுக்கு ஓடும். இப்படி முந்நூறு பக்கம்.

கணினியில் சரிபார்ப்பது எளிது என்று நினைக்காதீர்கள். யூனிகோடில் மெய்யேறிய அகரத்துக்குத் தனிக்குறி கிடையாது. தேடலில் "அ" தட்டினால் தனி உயிராக நிற்பது மட்டுமே சிக்கும், "மரம்" தப்பித்துவிடும். மெய்க்குறிக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடத்தைப் பிடிக்கும் தேடல்விதி ஒன்று எழுதி, நாளுக்கு நாள் ஓட்டுங்கள். கடைசியில் ஒரே தடவை ஓட்டினால் திருத்தம் பத்திகளைக் கவிழ்க்கும். பெயர்களையும் மறக்காதீர்கள்: ஆன்டன் என்றால் "ட"வில் அகரம் உண்டு, நாயகன் ஆன்டோன் வோய்ல்தான்.

தலைப்புக்கு எங்கள் பரிந்துரை "காணோம்". அகரம் இல்லை, வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். "மறைவு" சுவரொட்டி அஞ்சலி போல ஒலிக்கும். "காணாமல் ஆக்கப்பட்டோர்" ஈழத்து வாசகரை அவர்களுடைய சொந்தப் புகைப்படங்களிடம் கொண்டுபோய் நிறுத்தும். அட்டைக்காக அந்தச் சொல்லை இரவல் வாங்காதீர்கள். எழுத்துக்குறையை முன்னட்டையில் அறிவிக்கவும் வேண்டாம். மூலம் வந்தபோது அதைக் கவனிக்காமலே மதிப்புரை எழுதியவர் உண்டு. பின்னுரையில் சொன்னால் போதும்.

உரிமை வாங்குவதில் குறுக்குவழி இல்லை. பெரெக் 1982 மார்ச் 3 அன்று, 46 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இந்தியச் சட்டப்படி 2042 முடியும்வரை, பிரான்சில் 2052 முடியும்வரை காப்புரிமை உண்டு.

கடைசியாக "டபுள்யூ"வின் காணிக்கைப் பக்கம். மூலத்தில் இருப்பது ஒரே ஓர் எழுத்துக்குக் காணிக்கை: அந்த ஐந்தாம் எழுத்துக்கு. பிரெஞ்சில் அதன் பெயரும் "அவர்கள்" என்ற சொல்லும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றே. அவரை எடுத்து வளர்த்த அத்தை எஸ்தேரின் முதலெழுத்தும் அதுதான். அகரக் கட்சிக்காரர்களான எங்களுடைய வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது: அம்மா, அப்பா, அத்தை, அவர்கள். முதலில் வரும் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் "அ-வுக்கு" என்று மட்டும் அச்சிடுங்கள். அடிக்குறிப்பு போடாதீர்கள்.

இப்படிக்கு,
பெரெக்கின் வாசகர்கள் சிலர்