ரத்தம் எடுத்த நர்ஸ் அக்காவுக்கு

எனக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) என்று சொன்னதும் முகம் மாறுகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது. உங்கள் முகம் மாறவில்லை. அதற்காகச் சாப்பிடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தேன். கையெழுத்துப் போட முடியாமல் விரல்கள் நடுங்கின. கேட்காமலே தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். "கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆச்சா?" என்று விசாரித்த பிறகுதான் ஊசியை எடுத்தீர்கள். (எல்லோரும் கேட்பதில்லை.) அப்புறம் தணிந்த குரலில், "இந்த நடுக்கம் மாத்திரையாலயும் வரலாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவை மாத்திப் பார்ப்பாங்க. நீங்களா நிறுத்திடாதீங்க" என்றீர்கள். நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன், உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ! டாக்டர் அளவைக் குறைத்தார். நடுக்கம் அடங்கிவிட்டது, வேலைக்கும் போகிறேன். உங்கள் பெயர்கூடத் தெரியாது. இது கண்ணில் பட்டால், ரொம்ப நன்றி அக்கா.