கதிரையிலேயே இருந்துவிடாதே, தங்கராசா

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள தங்கராசா,

நீ கிணற்றடியில் வழுக்கி விழுந்தாய் என்று கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. எலும்பு முறியாமல் தப்பியது தெய்வச் செயல். மார்கழி மழைக்குத் திருக்கோவில் பக்கம் வளவெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். கைவீக்கம் வற்றிவிட்டதா?

நீ எழுதியதில் ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. தங்கச்சி இனி முற்றத்துக்கும் இறங்க வேண்டாம் என்கிறாளாம், நீயும் கதிரையிலேயே இருக்கிறாயாம். அவளுடைய பயம் நியாயமானது. ஆனால் மச்சான், அடுத்த முறை உன்னை விழுத்தப் போவது அந்தக் கதிரைதான். இருக்க இருக்கத் தொடையில் பலம் குறையும். தளர்ந்த காலோடு எழும்பினால் பயம் கூடும், பயத்தில் இன்னும் இருப்பாய். வருடத்துக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில்தான்.

எங்கள் பெரியக்காவை உனக்குத் தெரியும். சீனி வருத்தத்தால் அவவுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. கனடாவில் இருக்கிற பேரன்தான் வட்ஸ்அப்பில் வந்து, விழாமல் நிற்கப் பழக்கும் சமநிலைப் பயிற்சி செய்விக்கிறான். குசினி மேசையில் போனைச் சீனிப் போத்தலோடு சாய்த்து வைப்பா. "அம்மம்மா, முகம் வேண்டாம், காலைக் காட்டுங்கோ" என்பான் அவன். முதலில் மேசையை இரண்டு கையாலும் பிடித்து நின்றா, பிறகு ஒரு கையால், இப்போது ஒரு விரல் மட்டும். ஒரு காலின் குதியும் மற்றக் காலின் விரலும் முட்ட ஒரே கோட்டில் நிற்கும்போது கணுக்கால் இரண்டும் நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் உடம்பு பழகுகிறது என்று பிசியோதெரபிப் பிள்ளை சொன்னது. ஆடாமல் நிற்க வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும், அதே இடத்தில் நின்றால் பலனில்லை.

சிட்னியில் 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 503 பேரை வைத்து இதை இரண்டு வருடம் சோதித்திருக்கிறார்கள். பயிற்சிக்கென்று பிரித்த பாதிப் பேருக்கு டெப்லட்டில் ஒரு செயலி கொடுத்து, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் வரை வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி. ஆளின் நிலை தேறத் தேறப் பயிற்சியும் கடினமாகும். முடிவு 2021இல் வந்தது. முதல் வருடத்தில் விழுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, செய்தவர்கள் விழுவது 16 சதவீதம் குறைவு, காயம்படும்படி விழுவது 20 சதவீதம் குறைவு. ஒரு மாதம் செய்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று கைவிடாதே. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிகள் புதியவையும் அல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே வீட்டில் செய்யும்படி ஒரு முறை வகுத்தார்கள். அங்கே பயிற்சி தருபவர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பார். நம் ஊரில் வீடு தேடி யார் வரப் போகிறார்கள்? அந்த இடத்தைத்தான் போன் நிரப்புகிறது.

ஆனால் விழுந்த ஆள் நீ, தனியாகத் தொடங்காதே. முதலில் ஆஸ்பத்திரியில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லு. நீ குடிக்கிற பிரஷர் குளிசையையும், இரவில் போடுகிற நித்திரைக் குளிசையையும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லு, அவற்றாலும் தள்ளாட்டம் வரும். கட்டிலால் எழும்பியதும் உடனே நடக்காதே, கொஞ்சம் இருந்துவிட்டு நட. பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யாதே, அது ஆளோடு சேர்ந்து சரியும். யன்னல் கம்பி நல்லது. அப்புறம், கிணற்றடிப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஓர் ஆளைப் பிடி.

பிசியோதெரபி ஆள் சரி என்று சொன்னதும் மகனிடம் சொல்லி எனக்கு வீடியோ கோல் எடு. பின்னேரம் ஐந்து மணிக்கு நான் வீட்டில்தான். இருவரும் சேர்ந்தே செய்வோம். தங்கச்சியையும் பக்கத்தில் நிற்கச் சொல்லு, அவளுக்கும் 65 தாண்டிவிட்டதே.

அன்புடன்,
நடராசா