கேட்டால்தானே சொல்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், இங்கிலாந்தில் கால்பந்து கிளப்புகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்த கதையை விரிவாகப் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை, கடைசி வரி நீங்கலாக. நம் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் வரலாம்தான், ஆனால் கருத்துச் சொல்ல ரசிகர்கள் வேண்டுமே என்று முடித்திருந்தார் உங்கள் கட்டுரையாளர்.

அப்படியா? நேரு ஸ்டேடியத்தின் பி ஸ்டாண்டில் ஆட்டம் முடியும்வரை உட்காராமல் பாடுகிற பிள்ளைகள் யார்? சூப்பர் மச்சான்ஸ் என்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு சென்னையின் எஃப்சி கிளப்புக்காக ஒரு ரசிகர் கூட்டம் நிற்குமே, அவர்கள் யார்? ஆட்டம் விட்டதும் பெரியமேட்டிலிருந்து சென்ட்ரல் வரை கத்திக்கொண்டே நடக்கிறவர்கள் யார்? தோனி வந்து உட்கார்ந்தால்தான் உங்கள் கேமரா கால்பந்துப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் நிற்கிற தலைகளும் அந்தப் படத்தில் விழுந்திருக்குமே ஐயா.

இங்கிலாந்துக்காரன் மட்டும் பிறக்கும்போதே கருத்தோடு பிறந்தானா? கேட்டார்கள், சொன்னான். 1885-இல் தொடங்கிய பெரி கிளப் பணமில்லாமல் தள்ளாடி 2019-இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் என்று தனிக்கடை போடப் பார்த்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் இரண்டே நாளில் சுருட்டிக்கொண்டன. அதற்கப்புறம்தான் ட்ரேசி க்ரவுச் என்ற எம்.பி.யின் தலைமையில் ரசிகர்களை விசாரித்து அறிக்கை தயாரித்தார்கள். அது பல கை மாறி 2025 ஜூலையில் சட்டமானது. இனி அங்கே ரசிகர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாமல் கிளப்பின் சின்னத்தையோ சட்டை நிறத்தையோ மாற்ற முடியாது. மைதானத்தை விற்பதானால் அந்தச் சட்டம் உண்டாக்கிய ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும். கார்டிஃப் கிளப்பின் முதலாளி 2012-இல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கி, ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு 2015-இல் நீலத்துக்கே திரும்பினார். இதையெல்லாம் பத்தி பத்தியாக எழுதிவிட்டு அப்படியொரு கடைசி வரி எழுத எப்படித்தான் கை வந்ததோ!

நம் கதையைச் சொல்கிறேன். 2019 மார்ச் 9. சென்னை சிட்டி கிளப் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துப் போட்டியில் சாம்பியன் ஆன நாள். நான் நேரில் பார்த்தேன். எங்கே? கோயம்புத்தூரில். பெயரில் சென்னை, ஆடியது கோவையில். விசில் ஊதியதும் பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நம்ம ஊரு ஜெயிச்சிருச்சுங்க!" என்றார். எந்த ஊர் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. கிளப்பைக் கோவைக்குக் கொண்டுபோகலாமா என்று எந்தச் சென்னைக்காரனைக் கேட்டார்கள்? இன்று அந்தக் கிளப் தேசியப் போட்டி எதிலும் இல்லை. அதைப் பற்றியாவது அந்தக் கோவைப் பெரியவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல்லிலும் இதே கூத்துதான். டெல்லி கிளப் ஒடிசாவுக்குப் போனது, ஹைதராபாத் கிளப் டெல்லிக்குப் போனது. கொல்கத்தாவின் பழைய கிளப்பான மோகன் பகானின் பெயருக்கு முன்னால், இன்னொரு கிளப்போடு இணைத்தபோது ஒட்டவைத்த ஏடிகே என்ற மூன்றெழுத்தை எடுக்கவைக்கக் கொல்கத்தாக்காரர்கள் 2023 வரை போராட வேண்டியிருந்தது. நமக்குத்தான் கருத்தே கிடையாதே!

சரி, கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். தேசிய விளையாட்டு நிர்வாக மசோதாவின் வரைவை 2024 அக்டோபரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்குத் தெரிந்தது உங்கள் பத்திரிகையின் மூலையில் வந்த ஒரு துண்டுச் செய்தியில், அதுவும் கெடு முடிந்த பிறகு. 2025 ஆகஸ்டில் அது சட்டமாகியும் விட்டது. சங்கங்களின் தேர்தல், நிர்வாகிகளின் வயது, தீர்ப்பாயம் என்று எல்லாம் இருக்கிறது. கிளப்பும் அதன் ரசிகனும் அந்தச் சட்டத்தின் கவலை இல்லை. அதே ஆகஸ்டில்தான், வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலில் ஐஎஸ்எல் தொங்கிக்கொண்டிருந்ததால், சென்னையின் எஃப்சி தன் பணிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இரண்டு முறை கோப்பை வாங்கித் தந்த கிளப்! அதற்கு நீங்கள் கொடுத்தது ஒரு பத்தி இடம், அதுவும் கிரிக்கெட் அணித் தேர்வுக்குக் கீழே.

ரசிகனை இங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மைதானத்தின் பெயர் வேண்டாம். வாசலில் என் சட்டைப் பையிலிருந்த சில்லறையை எல்லாம் எடுத்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டார்கள். மைதானத்துக்குள் வீசிவிடுவேனாம், இந்த வயதில். உள்ளே தண்ணீர் வாங்க நோட்டை நீட்டினேன். மீதி என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கை நிறைய நாணயம்!

முன்பெல்லாம் இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே ஆடும் லீக் ஆட்டங்களின் முடிவுகளை, கோல் போட்டவர் பெயரோடு உங்கள் பத்திரிகையில்தான் படிப்போம். அது நின்றபோதும் உங்களுக்கு எழுதினேன். பிரசுரமும் இல்லை, பதிலும் இல்லை. இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். ராசிபலனுக்கு மட்டும் ஒருநாளும் அந்தப் பற்றாக்குறை வந்ததில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டைப் பற்றி எந்தச் சட்ட வரைவு வந்தாலும், விதி வந்தாலும், அதன் சாரத்தை நாலு வரி தமிழில் எழுதி, கருத்து அனுப்பக் கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி இரண்டையும் கட்டம் கட்டிப் போடுங்கள். தேதி முடிவதற்கு முன்னால் போடுங்கள். பெரம்பூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் எத்தனை கடிதம் போகிறது என்று அப்புறம் பார்க்கலாம்.

வழக்கம்போல் இடமில்லை என்று இதைச் சுருக்குவதானால் கார்டிஃப் கதையை எடுத்துவிடுங்கள். கோவைக் கதையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை-11