எட்டாத கணிதமா, எட்ட விடாத செய்தியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த கணித மேதை சி. எஸ். சேஷாத்திரி நினைவாக நடந்த வடிவியல் மாநாடு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குத்துவிளக்கு ஏற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், நன்றி கூறியவர் எல்லார் பெயரும் இருந்தது. சேஷாத்திரியின் கணிதத்துக்கு ஒரே வரிதான்: 'சாமானியர்களுக்கு எட்டாத சேஷாத்திரி தேற்றத்தைக் கண்டவர்.' அந்த வரி மனதை ரொம்பவே நோகடித்துவிட்டது.

அது எம். எஸ். நரசிம்மனும் சேஷாத்திரியும் சேர்ந்து கண்ட நரசிம்மன்-சேஷாத்திரி தேற்றம். லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் கணிதம் கற்று, 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த இரண்டு தமிழ்நாட்டு இளைஞர்கள் 1965-இல் வெளியிட்டது. ஒரு வளைபரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியைப் பொருத்தினால் கிடைக்கும் அமைப்புக்கு வெக்டர் கற்றை என்று பெயர். அவற்றில் 'நிலையானவை' (stable) என்று கணிதத்தில் சொல்லும் வகை எவை என்பதை, அந்தப் பரப்பைச் சுற்றிவரும் மூடிய பாதைகளைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். 1983-இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் டொனால்ட்சன் இதற்கு வேறொரு நிரூபணம் தந்தார். இன்றும் உலகம் முழுக்க இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். நரசிம்மன் பெயர் தமிழ்ப் பத்திரிகையில் விட்டுப்போகலாமா?

சேஷாத்திரி காஞ்சிபுரத்தில் பிறந்து, நான் வசிக்கும் இதே செங்கல்பட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவர். 2020 ஜூலையில் அவர் காலமானபோதும் உங்கள் இதழில் ஒரு மூலையில் நான்கு வரிதான் வந்தது. கொரோனா காலம், பக்கம் குறைவு என்று அன்று சமாதானம் செய்துகொண்டேன். இப்போது என்ன காரணம்? அவர் 1989-இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம். ஆரம்ப காலத்தில் அங்கே பி.எஸ்சி. படித்த பிள்ளைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் வழங்கியது. சென்னையில் நடந்த படிப்புக்குப் போபாலிலிருந்து பட்டம்! இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதது அல்ல. எழுதத்தான் இடமில்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பத்தாம் வகுப்பில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வரையச் சொன்னால், பிள்ளைகள் வரைமுறையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரு மாணவி மட்டும் காம்பஸை நோட்டில் ஊன்றி இரண்டு கோட்டையும் அளந்து பார்த்துவிட்டு, "சார், ஏன் எப்பவும் சமமாவே வருது?" என்று கேட்டாள். அவளுக்கு நிரூபணத்தைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, போர்ஷன் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம் அதைச் சொல்லித்தர அந்த வருடம் நேரம் கிடைக்கவே இல்லை. உங்கள் மாணவர் பக்கத்திலும் தேர்வுக் காலம் வந்தால் 'சென்டம் வாங்குவது எப்படி' என்றுதான் வருகிறது. 'ஏன்' என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு அதில் ஒரு வரி கிடையாது. சாமானியர்களுக்கு எட்டாது என்று யார் முடிவு செய்தது?

தேற்றத்தின் பெயரைத் திருத்தி ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால், மாநாட்டில் பேசியவர்களில் ஒருவரிடம் மாணவர் பக்கத்துக்கு அரைப் பக்கம் எளிய தமிழில் எழுதி வாங்குங்கள். தேர்வு நெருங்குவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செங்கல்பட்டு