அரையாண்டுச் செய்திகளும் பிள்ளைகளின் உறக்கமும்: பெற்றோருக்குக் கடிதம்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. உபஜில்லா கலோற்சவத்தில் (துணை மாவட்டப் பள்ளிக் கலைவிழாவில்) நம் பிள்ளைகள் பாட்டிலும் கவிதை ஒப்பித்தலிலும் பரிசு வாங்கி வந்தார்கள். விளையாட்டிலும் அறிவியல் கண்காட்சியிலும் கலந்துகொண்ட அனைவருக்கும் பாராட்டுகள்.

இனி, மனம்விட்டுப் பேச வேண்டிய ஒன்று. முதல் பாடவேளையிலேயே பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். ஐந்தாம் வகுப்பு நோட்டு ஒன்றில் ஏழாம் வாய்பாடு பாதியில் நின்று, பென்சில் கோடு சரிந்து பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது. எழுதும்போதே அந்தப் பிள்ளை கண்ணயர்ந்திருக்கிறான்.

கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் வேலைக்குப் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்புகிறவர்கள், விடியுமுன் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்கள் உங்களில் பலர். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று பிள்ளை அடம் பிடித்தால் அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் அப்பா உறங்கிய பிறகும் அவருடைய செல்போன் போர்வைக்குள் பதினொன்றரை வரை எரிகிறது. பிள்ளைகளே சொல்கிறார்கள்.

6 முதல் 12 வயதுவரை ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் தமிழ், மலையாளம், ஆங்கிலம், ஹிந்தி என நான்கு மொழி எழுத்துகளையும் மனத்தில் ஏற்றுகிறார்கள். மற்றப் பள்ளிகளில் பலவற்றுக்கு இந்தச் சுமை இல்லை. அதனால் இவர்களுக்குத் தூக்கம் குறையவே கூடாது. இரவில் திரை வெளிச்சம் கண்ணில் பட்டால் உறக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. தாமதமாக எழுந்து, வெறும் வயிற்றோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிற பிள்ளையிடம் கணக்கைக் கேட்டால் எப்படி வரும்?

இதில் கண்டிப்பாகவே சொல்கிறேன். படுக்கைக்குள் செல்போன் போகக் கூடாது. இரவெல்லாம் அதைப் பிள்ளையின் கையில் விட்டுவிட்டு, “படிப்பு ஏறவில்லை” என்று வகுப்பாசிரியரிடம் வந்து முறையிடுவது நியாயமில்லை. காலை ஆறரைக்கு எழ வேண்டிய ஆரம்ப வகுப்புப் பிள்ளை இரவு ஒன்பதுக்குள் உறங்கியிருக்க வேண்டும். வீட்டுப்பாடம் வாட்ஸ்ஆப்பில்தானே வருகிறது என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வரும் திங்கட்கிழமை முதல் மாலை 6 மணிக்குப் பிறகு எந்த வகுப்புக் குழுவிலும் வீட்டுப்பாடம் வராது. கரும்பலகையில் எழுதிப்போட்டு நோட்டில் எழுத வைப்போம்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது என்பது எனக்குத் தெரியும். பாட்டி பக்கத்தில் படுத்துக் கதை கேட்கும் வழக்கம் இன்னும் உள்ள வீடுகளில் அதை விட்டுவிடாதீர்கள். வேலைக் களைப்பிலும் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறீர்கள், மதிய உணவுக்கு வாழை இலையும் தேங்காயும் கொடுத்தனுப்புகிறீர்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு ஆசிரியர்கள் அனைவர் சார்பிலும் நெஞ்சார்ந்த நன்றி. வகுப்பில் தூங்கி விழுவதற்குக் காரணம் உடல்நலக் குறைவாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை