அக்கா அனுப்பியதுதான் நல்ல கட்டுரை

அன்புள்ள தம்பிக்கு,

கட்டாய வாக்கை ஆதரித்து நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். அதற்கு மறுப்பாக அக்கா அனுப்பிய கட்டுரையையும் படித்தேன். "யார் சொல்றது சரிம்மா?" என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்கலாம் என்பதில் நான் உன் கட்சிதான். ஆனால் கட்டுரை என்று பார்த்தால் அக்கா அனுப்பியதுதான் உருப்படி. நடுப்பக்கக் கட்டுரைகளைத் திருத்தியே வேலைக்காலத்தைக் கழித்த துணையாசிரியர் நான். பெற்ற பிள்ளைக்காகக்கூட இதில் சலுகை தர மனம் வரவில்லை.

முதலில் நீ அனுப்பிய கட்டுரையின் தலைப்பை விட்டுவிடு. 'வாக்களிக்காதவர் குடிமகனே அல்ல' என்பதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு அவ்வளவு கோபம். உள்ளே அப்படி ஒரு வரியே இல்லை. தலைப்பு வைப்பது பெரும்பாலும் எழுதியவர் அல்ல, டெஸ்க்கில் உட்கார்ந்து பிரதியைத் திருத்தும் துணையாசிரியர்கள். இடத்துக்கு அடங்க வேண்டும், கண்ணை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை. தன் கட்டுரையின் தலைப்பை அச்சில் பார்த்துத் திகைத்துப் போன எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். 'அந்தப் பத்திரிகையே இப்படித்தான்' என்று அக்கா எழுதியதும் செல்லாது. பெயர் போடாத தலையங்கம்தான் பத்திரிகையின் குரல். பெயர் போட்டு வந்தது அவரவர் கருத்து.

சரி, உன் கட்டுரைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் 60 சதவீதத்துக்கும் குறைவு. 1924-இல் கட்டாயச் சட்டம் வந்தது. 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. இது உண்மை. நானும் சரிபார்த்துவிட்டேன். இந்த எண்களைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருக்கிறாய். ஆனால் இவை எதை நிரூபிக்கின்றன என்று கேட்டுப் பார். அபராதம் போட்டால் ஆட்கள் வாக்குச்சாவடிக்கு வருவார்கள் என்பதை நிரூபிக்கின்றன. அதை யாருமே மறுக்கவில்லையே! கட்டுரையாளர் அடுத்த பத்தியிலேயே 'ஆகவே ஏழைகளின் குரல் ஆட்சியில் ஒலிக்கும்' என்று போய்விடுகிறார். வாக்கு எண்ணிக்கை கூடியதற்கும் ஆட்சி மாறுவதற்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். வாக்களிக்காமல் இருந்தவர்கள் யார், அவர்கள் வந்த பிறகு கட்சிகள் எதை மாற்றிக்கொண்டன, பட்ஜெட்டில் என்ன தெரிந்தது என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிகூட இல்லை. பாலம் இருக்க வேண்டிய இடத்தில் 'சொல்லத் தேவையில்லை' என்று போட்டிருக்கிறார். என் அனுபவத்தில், 'சொல்லத் தேவையில்லை', 'யாவரும் அறிந்ததே', 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்று எங்கே வருகிறதோ அங்கேதான் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கும். இந்தச் சொற்களை அடித்துவிட்டு வாக்கியத்தை மறுபடி படித்துப் பார். சில சமயம் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

உதாரணங்களைத் தேர்ந்தெடுத்த விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியா உண்டு, பெல்ஜியம் உண்டு. நெதர்லாந்து பல பத்தாண்டுகள் கட்டாய வாக்கை வைத்திருந்து 1970-இல் கைவிட்டதே, அது எங்கே? சிலி 2012-இல் கட்டாயத்தை நீக்கியது, பத்து ஆண்டுகளில் திரும்பக் கொண்டுவந்தது. சிலியைச் சொல்லியிருந்தால் அவர் வாதத்துக்கே பலம். அதையும் விட்டிருக்கிறார் என்றால், தேடவே இல்லை என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் எழுதுகிறவர்கள் எல்லோரிடமும் இருக்கிற சோம்பல்தான். என்னை உண்மையிலேயே உறுத்தியது ஏழாவது பத்தி. 'இதை எதிர்ப்பவர்கள் ஏழைகளின் வாக்குக்கு அஞ்சுபவர்கள்.' சிலர் அப்படி இருக்கலாம். ஆனால் ஒருவர் ஏன் சொல்கிறார் என்பது வேறு, அவர் சொல்வது சரியா என்பது வேறு. எதிர்ப்பவரின் நோக்கத்தைச் சொல்லிவிட்டால் அவருடைய காரணத்துக்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம். அதே கட்டுரையில் 'சிலர் சொல்கிறார்கள்' என்று மூன்று இடத்தில் வருகிறது. வேலையில் இருந்தபோது இந்தச் சொல்லைக் கண்டாலே ஓரத்தில் பென்சிலால் 'யார்?' என்று எழுதி அனுப்புவேன். பெயர் வந்தால் நல்லது. பெரும்பாலும் அந்த வரியே காணாமல் போய்விடும்.

அக்கா அனுப்பிய கட்டுரையைப் பார். அதை எழுதியவர் கட்டாய வாக்கை எதிர்க்கிறார். ஆனாலும் முதல் நான்கு பத்திகளில் கட்டாய வாக்குக்கு ஆதரவான வாதத்தை, உன் கட்டுரையாளரைவிட நன்றாகச் சொல்கிறார்! இளைஞர்களும் ஏழைகளும் வராத தேர்தலில் கட்சிகளுக்கு அவர்கள் கண்ணில் படமாட்டார்கள், அந்த அலட்சியம் அவர்களை இன்னும் விலக்கும் என்று அவர் எழுதியதைப் படித்தபோது, இவர் நம் கட்சிக்காரரோ என்றே நினைத்தேன். அப்புறம்தான் தன் மறுப்பைத் தொடங்குகிறார். ஆஸ்திரேலியாவில் அண்மைத் தேர்தல்களில் செல்லாத வாக்குகள் 5 சதவீதத்துக்கு மேல் இருப்பதைக் காட்டுகிறார். உடனே, அவற்றில் எவ்வளவு எதிர்ப்பு, எவ்வளவு தவறாக நிரப்பியது என்று பிரித்துச் சொல்வது கடினம் என்றும் அவரே சொல்லிவிடுகிறார். தன் சான்று எதுவரை தாங்கும் என்று எழுதுகிறவரே சொன்னால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை கூடும். முடிவில் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை. வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு பேச்சுரிமை என்கிறார். வெற்றுச் சீட்டைப் போட்டுவிட்டு வருவதற்கும் அந்த உரிமை இருக்கிறதே என்பது என் பதில். ஆனால் இப்படிப் பதில் சொல்ல எனக்கு இடம் வைத்தாரே, அதுதான் விஷயம்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. நன்னூல் பாயிரத்தில் நூல் எழுதுகிறவர் கொள்ளும் ஏழு வகை மதங்களை, அதாவது கொள்கைகளை, பவணந்தியார் அடுக்குகிறார். உடன்படல், மறுத்தல் என்ற இரண்டுக்கும் அடுத்து 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று வருகிறது. எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்று நிறுத்திவிட்டு, பிறகு அதைக் களைவது. வெறும் மறுத்தலைத் தனியாக எண்ணியிருக்கிறார் பார். உன் கட்டுரையாளர் செய்தது மறுத்தல் மட்டும்.

பத்திரிகை உலகத்திலும் இது உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் கார்டியன் நாளிதழின் நூற்றாண்டுக்காக 1921-இல் அதன் ஆசிரியர் சி.பி. ஸ்காட் எழுதிய கட்டுரையிலிருந்து, கருத்துக்குத் தடையில்லை, ஆனால் உண்மைகள் புனிதமானவை என்ற ஒரு வரியை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். கொஞ்சம் தள்ளி, நண்பர்களின் குரலைப் போலவே எதிராளிகளின் குரலுக்கும் கேட்கப்படும் உரிமை உண்டு என்கிறார். வெளிப்படையாகப் பேசுவது நல்லது, நியாயமாகப் பேசுவது அதைவிட நல்லது என்றும் சொல்கிறார். அந்த வரிகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. மேற்கோள் காட்டினால் தாங்களும் அப்படி எழுத வேண்டியிருக்குமே!

இன்னொன்று. அக்கா அனுப்பிய கட்டுரையின் அடியில், அதை எழுதியவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று போட்டிருப்பதைச் சுட்டி, 'இவங்க வேற எப்படி எழுதுவாங்க' என்று நீ அனுப்பியிருந்தாய். அந்த அடிக்குறிப்பைப் படிப்பது நல்ல பழக்கம், விடாதே. ஆனால் அது அவர் தரும் எண்களை இன்னொரு முறை சரிபார்க்கத்தான் காரணம், படிக்காமல் ஒதுக்க அல்ல. உனக்குப் பிடித்த கட்டுரையின் அடிக்குறிப்பையும் இதே கண்ணோடு பார்த்தாயா?

இப்போது ஒரு வேலை தருகிறேன். அக்கா அனுப்பிய கட்டுரையின் வாதத்தை உன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி அவளுக்கே அனுப்பு. கிண்டல் கூடாது. 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவள் ஒப்புக்கொண்ட பிறகு உன் மறுப்பை எழுது. உன் கட்டுரையை வைத்து அவளையும் இதையே செய்யச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத்தான் கஷ்டம், பாலத்தையும் சேர்த்து அவளே கட்ட வேண்டியிருக்கும்.

அப்பா உன் பக்கம்தானாம். தலைப்பை மட்டும் படித்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா