மறுப்புக்குப் பின்னால் இருக்கும் பயம்

ஐயா,

2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்ந்தது பற்றிய தங்கள் தலையங்கம், மக்களுக்கு விவரம் தெரியவில்லை என வருந்துகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலருக்கு விவரம் தெரியும். புவி வெப்பமடைவதை ஏற்றுக்கொண்டால் பிழைப்பு என்னாகும் என்ற பயம்தான் 'எல்லாம் பொய்' என்று சொல்ல வைக்கிறது. லாரி ஓட்டும் என் அண்ணனிடம் வெப்பநிலை வரைபடத்தைக் காட்டினேன். செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெயில் எப்பவும் அடிக்கிறதுதானே" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "சரி, டீசல் வண்டி வேண்டாம் என்றால் என் கடனை யார் அடைப்பது?" அவருடைய மறுப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. இத்தகைய செய்திகளோடு, தொழில் மாறுவோருக்கு என்ன பயிற்சி, என்ன கடனுதவி கிடைக்கும் என்பதையும் பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்.